நான்கு கம்பிச் சுருள்களும் நாதொவின் பெயரும்

1. காகக்கூடு

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம், செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணி. என் மேசையின் மேல் தலைமயிர் அளவு மெல்லிய எஃகுக் கம்பி ஒரு காகக்கூடு போலக் குவிந்து கிடந்தது. ஒரு நிமிடத்துக்கு முன்பு வரை அது ஒரு மனிதனின் குரல்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. சிட்னியில் ஒரு பல்கலைக்கழகத்தின் மொழி ஆய்வுகூடத்தில் எனக்கு டெக்னீஷியன் வேலை. கொழும்பில் ரேடியோ திருத்திப் பழகியவன் என்பதால் எடுத்தார்கள். முதல் மூன்று மாதம் சோதனைக் காலம். அது முடிந்து மேலாளர் கையெழுத்து வைத்தால்தான் வேலை நிரந்தரம்.

என்னிடம் கொடுத்த முதல் பெரிய வேலை, வயர் ரெக்கோடரில் இருந்த பழைய பதிவுகளை டேப்புக்கு மாற்றுவது. டேப் பரவுவதற்கு முன்பு குரலைக் கம்பியில்தான் பதிந்தார்கள். உள்ளங்கை அளவுச் சுருள் ஒன்றில் ஒரு மணி நேரப் பேச்சு அடங்கும். கம்பி ஓடும்போது, அதில் உள்ள குரலைப் படிக்கும் ஹெட் மேலும் கீழும் ஏறி இறங்கி, தையல் மெஷினில் பொபின் சுற்றுவது போல அதைச் சீராகச் சுற்ற வேண்டும். ஹெட் நடுவில் இறுகி நின்றால் கம்பி ஒரே இடத்தில் குவியும். பிறகு சரியும். பிறகு காகக்கூடு.

ஹெட் ஏன் இறுகியது? இங்கேதான் நான் வருகிறேன். அன்று காலை மெஷினைப் போடுவதற்கு முன், என் மனைவி ராணி கடதாசியில் மடித்துத் தந்த விபூதியை எடுத்து, பிள்ளையாரே என்று மூன்று விரலால் மெஷினுக்கு நல்ல பட்டையாகப் பூசினேன். பட்டை அழகாகத்தான் இருந்தது. உதிர்ந்தது முழுவதும் ஹெட் ஏறி இறங்கும் தண்டுக்குள் போய்விட்டது.

தலைமை டெக்னீஷியனும் என் மேலாளருமான லெஸ் வந்து பார்த்தார். ஐம்பது வயது, காதில் பென்சில், மூக்கு நுனியில் கண்ணாடி. அவர் பேசியது பச்சை ஒஸ்ரேலிய ஆங்கிலம். எனக்கு அது இப்போது யாழ்ப்பாணத் தமிழில்தான் ஞாபகம் வருகிறது, அப்படியே எழுதுகிறேன். அவர் மன்னிப்பார்.

"மெஷினுக்குப் பவுடர் பூசினனியோ?"

"இது ஒரு பாதுகாப்புக்கு."

"ஆருக்குப் பாதுகாப்பு? அதுக்கோ, உனக்கோ?"

"ரெண்டு பேருக்கும்."

"அதுக்கு வேலை செய்யேல்லை. உனக்கு வேலை செய்யுதோ எண்டு பாப்பம்."

அவ்வளவுதான். கத்தவில்லை. கதிரையை இழுத்துப் பக்கத்தில் இருந்து, அறுந்த கம்பியை எப்படி இணைப்பது என்று காட்டினார். டேப் போல ஒட்ட முடியாது. இரண்டு நுனியையும் எடுத்துச் சின்ன முடிச்சுப் போட்டு, மிச்சத்தை ஒட்ட நறுக்க வேண்டும். பூதக்கண்ணாடி இல்லாமல் முடிச்சே தெரியாது. கூட்டைப் பிரிக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. மூன்று முடிச்சு. கம்பி தப்பியது. நான் தப்பவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

2. நான்கு மூடி

அந்தப் பதிவுகள் யீ மொழிப் பேச்சு. தென்மேற்குச் சீனத்து மலைகளில் பேசுகிறார்கள். பதிந்தவர் மிஸ் பெரில் என்ற மிஷன் நர்ஸ். இருபத்தேழு வருடத்துக்கு முன், யுனான் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, பல திசைகளில் இருந்து வந்த நோயாளிகளை மெஷினுக்கு முன்னால் இருத்திப் பேசவைத்திருக்கிறார். இப்போது மெல்பேர்னில் தங்கையோடு இருந்தார். அடுத்த கிழமை வெள்ளிக்கிழமை ரயிலேறி வந்து பதிவுகளைக் கேட்பதாக ஏற்பாடு.

அவற்றுக்காகக் காத்திருந்தவர் டொக்டர் நீல், மொழியியல் விரிவுரையாளர். யீ மொழியின் கிளைகளைப் பற்றி ஆறு வருடமாகப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். ஆனால் அந்த மொழியை ஒருவர் வாயால் கேட்டதேயில்லை. வெளிநாட்டு ஆய்வாளர்கள் அந்த மலைகளுக்குப் போக முடியாத காலம் அது. பழைய சொற்பட்டியல்களை வைத்துத்தான் எல்லாம்.

வந்த புதிதில் எனக்கு விளங்கப்படுத்தினார். "யீ எண்டு ஒரு பேர்தான். வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு, தென்கிழக்கு, நடு எண்டு ஆறு கிளை. வடக்கு மலையில இருக்கிறவை தங்களை நோசு எண்டு சொல்லுவினம். தெற்கில நிசு. ஒரு நோசு ஆளும் ஒரு நிசு ஆளும் சந்திச்சால், ஒருத்தர் தண்ணி கேட்டால்கூட மற்றவருக்கு விளங்காது."

"யாழ்ப்பாணமும் மட்டக்களப்பும் மாதிரியோ, சேர்?"

கொஞ்சம் யோசித்தார். "தமிழும் தெலுங்கும் மாதிரி எண்டு வை. எழுத்தும் இருக்கு, அதுவும் பகுதிக்குப் பகுதி வேற. பிறகு, என்னைச் சேர் எண்டு கூப்பிடாதை."

"ஓம் சேர்."

நான்கு தகர டப்பா, நான்கு சுருள். மூடிகளில் மிஸ் பெரிலின் மணிமணியான எழுத்து. வடக்கு, நோசு, ஆண். கிழக்கு, நாசு, ஆண். தெற்கு, நிசு, ஆண். தென்கிழக்கு, சானி, பெண். சுருள்களிலோ ஒரு புள்ளிகூட இல்லை.

கம்பி குவியத் தொடங்கியதும், வெறும் சுருள் ஒன்று அகப்படுமா என்று நான்கு டப்பாவையும் திறந்தேன். எல்லாவற்றையும் மேசையில் கொட்டினேன். மூடிகளை ஒன்றின்மேல் ஒன்றாக மிக ஒழுங்காக அடுக்கி வைத்தேன். பதற்றத்திலும் மூடி அடுக்குகிற மனிதன் நான். இரண்டு நாள் கழித்துக் கூட்டைப் பிரித்து முடித்து நிமிர்ந்தபோது, ஒரே மாதிரி நான்கு சுருள் ஒரு பக்கம், நான்கு மூடி மறுபக்கம். முதலில் மெஷினில் போட்டது எந்த டப்பாச் சுருள் என்றாவது நினைவிருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. விபூதிப் பட்டை நேராக வரவேண்டும் என்பதிலேயே கவனமாக இருந்திருக்கிறேன்.

உடனே போய் லெஸ்ஸிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, மணிபேர்ஸில் இருந்த பிள்ளையார் படத்தை அலமாரியில் சாய்த்து வைத்து, நான்கு துண்டுக் கடதாசியில் நான்கு பெயர் எழுதித் திருவுளச்சீட்டுப் போட்டேன். கையில் எடுத்த ஒரு சுருளுக்குத் 'தென்கிழக்கு, சானி, பெண்' என்று வந்தது. பக்தியோடு கொண்டுபோய் மெஷினில் போட்டேன். ஓர் ஆண் கட்டைக் குரலில் நெடுநேரம் இருமினான்.

நான்கையும் டேப்பில் ஏற்றி ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எழுதினேன். நான்காவதில் பெண் குரல். அது சானி, சந்தேகமில்லை. மற்ற மூன்றும் ஆண்கள். எவன் வடக்கு, எவன் கிழக்கு, எவன் தெற்கு?

3. பென்டில் ஹில் குசினி

அப்போது நானும் ராணியும் சிட்னியின் மேற்குப் புறநகரான பென்டில் ஹில்லில் இரண்டு அறை வீடொன்றில் வாடகைக்கு இருந்தோம். ஊருக்குக் குரல் பதிந்து அனுப்ப ஒரு கசற் ரெக்கோடர் வைத்திருந்தோம். மூன்று ஆண்களையும் கசற்றில் ஏற்றிக்கொண்டு வந்து, பின்னேரங்களில் குசினி மேசையில் வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டேன். கேட்டால் ஏதோ தெரியும் என்று ஒரு நம்பிக்கை. கோயம்புத்தூர்க்காரரையும் வடமராட்சியாரையும் குரலிலேயே பிரித்து அறிகிறவன்தானே நான். ஆனால் இரண்டு பேரையும் தெரிந்திருந்தால்தான் பிரிக்கலாம் என்பது மூன்றாவது பின்னேரம் உறைத்தது.

ராணி மா குழைத்துக்கொண்டே கேட்டாள். "இஞ்சேருங்கோ, இந்த மூண்டு பேரும் எங்கட வீட்டில எத்தினை நாளைக்குச் சாப்பாட்டுக்கு நிப்பினம்?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும். பிறகு நானும் அவையளோட போகவேண்டி வரும்."

"ஏன்?"

சொன்னேன். மூடி, சுருள், திருவுளச்சீட்டு எல்லாம். அவள் மாவுக் கையோடு சிரித்த சிரிப்பில் மேல்வீட்டுக் கிரேக்கக் கிழவர் தரையைத் தட்டினார்.

"பிள்ளையார் பாவம். அவருக்குச் சீன மலையில ஆரைத் தெரியும்?" என்றாள். பிறகு, "இந்த ஆள் தொடக்கத்தில சொன்னதை இன்னொருக்காப் போடுங்கோ" என்றாள்.

போட்டேன். ஒரே தாளத்தில் ஏதோ நீளமாகப் போயிற்று.

"கேட்டனீங்களே? முடிச்ச சத்தத்திலயே அடுத்ததைத் தொடங்குறான். லுபெ, பெயு, யுநா. பள்ளிக்கூடத்தில அந்தாதி பாடமாக்கேல்லையோ நீங்கள்?"

"பாடமாக்கினனான்."

"பிறகு?"

"மறந்தும் போனன்."

"அதுதானே பாத்தன். மற்ற ரெண்டு பேரையும் போடுங்கோ."

மற்ற இருவரும் தொடக்கத்தில் அப்படியே சொன்னார்கள். சொற்கள் வேறு, தொடுப்பு ஒன்று. ராணி கையைக் கழுவிக்கொண்டு வந்து, கொப்பி எடுத்து, மூன்றையும் கேட்டுக் கேட்டுத் தமிழ் எழுத்தில் எழுதினாள். பத்தாவது தரம் நான் நிறுத்தி ஓட்டியபோது, "நீர் என்ன எழுதுறீர், உதில என்ன பிரயோசனம்?" என்றேன்.

"தெரியாது. ஆனா நாளைக்குக் காலமை போய்ச் சொல்லுங்கோ. முதல்ல உங்கட மனேஜரிட்ட. சீட்டுப் போட்டதைச் சொல்லாதேங்கோ."

4. 'நாங்கள்'

புதன்கிழமை காலை லெஸ்ஸிடம் சொன்னேன். சீட்டுப் போட்டதையும் சொல்லிவிட்டேன். பயம் வந்தால் எனக்கு வாய் நிற்பதில்லை.

"எத்தினை நாளாத் தெரியும்?"

"ஆறு நாள்."

"ஆறு நாளும் இந்த மூஞ்சையோட திரிஞ்சனி. நான் நினைச்சன் உனக்கு மூலவியாதி எண்டு."

பென்சிலைக் காதில் இருந்து எடுத்தார், திரும்ப வைத்தார். "வா" என்று முன்னால் நடந்தார். படியேறும்போது நான் மனத்துக்குள் பெட்டி கட்டி, கப்பலேறி, கொழும்புத் துறைமுகத்தில் மாமனார் முகத்தையும் பார்த்துவிட்டேன். நீலின் அறைக்குள் போனதும் லெஸ் சொன்ன முதல் வசனம் இது:

"நீல், நாங்கள் ஒரு பிழை விட்டிட்டம்."

நாங்கள். அவர் அந்தச் சுருள்களைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அந்த ஒரு சொல்லுக்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டவன்.

நீல் கண்ணாடியைக் கழற்றினார். எனக்கு ஒரு யோசனை தோன்றியது. "சேர், நீங்கள் கேட்டால் எது எந்தக் கிளை எண்டு பிடிச்சிடுவீங்கள்தானே?"

"பிடிப்பன். என்ர புத்தகத்தில நான் எழுதினபடி பிடிப்பன். புத்தகம் சரியோ எண்டு பாக்கத்தானே இந்தக் குரல்கள் எனக்கு வேணும். புத்தகத்தை வைச்சுக் குரலுக்குப் பேர் குடுத்திட்டு, அந்தக் குரலை வைச்சுப் புத்தகம் சரி எண்டு சொன்னால், அதுக்குப் பேர் என்ன?"

எனக்கு உடனே திருவுளச்சீட்டு ஞாபகம் வந்தது.

"அப்ப பேர் இல்லாத சுருள் எனக்கு வெறும் கம்பி" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகச் சொன்னார்.

வேறு வழியில்லாமல் ராணியின் கொப்பியை எடுத்தேன். எங்கள் பாட்டு வகை ஒன்றில் ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கமாகும், இந்த மூவரும் அப்படித்தான் எதையோ சொல்கிறார்கள் என்று வாசித்துக் காட்டினேன். லுபெ, பெயு, யுநா, நாதொ.

நீல் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினார். "அது பாட்டில்லை. பேர்! அப்பன்ர பேரின்ர கடைசிச் சத்தத்தை மகன்ர பேருக்கு முதல்ல வைப்பினம். ரெண்டு பேர் சந்திச்சால் பரம்பரையைச் சொல்லித்தான் சொந்தம் பாப்பினம். நான் வாசிச்சிருக்கிறன். கேட்டதில்லை."

மெல்பேர்னுக்குப் போன் போட்டார். மறுமுனையில் மிஸ் பெரில் பேசியது எனக்கே கேட்டது. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் உரத்துத்தான் பேசுவார்.

"அந்த நீளப் பேர்களோ? ஆஸ்பத்திரியில சேர்க்கேக்க உன்ர பேர் என்ன எண்டு கேட்டால், கொள்ளுப்பாட்டன்ர பாட்டன்ல இருந்து தொடங்குவாங்கள். காய்ச்சல் நூற்றுமூண்டு, ஆள் விடமாட்டான். நான் எல்லாத்தையும் எழுதி வைச்சிருக்கிறன். கொப்பி கொண்டு வாறன்."

5. வெள்ளிக்கிழமை

மிஸ் பெரில் சின்ன உருவம். நீலத் தொப்பி, கெட்டியான சப்பாத்து. கொப்பியை ஒரு துவாயில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். ராணி தன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். "நான் எழுதினதை நீங்கள் பிழையா வாசிச்சு எங்களைக் கப்பல் ஏத்திப் போடுவீங்கள்" என்பது அவள் சொன்ன காரணம்.

மூன்றாம் டேப்பைப் போட்டதும் மிஸ் பெரில் வாய்விட்டுச் சிரித்தார். அவருக்குத் தெரிந்த ஒரே கிளை கிழக்கு நாசு. "இவன் ஆஸ்பத்திரிக் கஞ்சியைப் பற்றிச் சொல்லுறான். பண்டிகூடக் குடிக்காதாம். எனக்கு முன்னாலயே சொல்லியிருக்கிறான், பாருங்கோ!" கொப்பியில் அவன் பெயர்களும் பொருந்தின. கிழக்கு கிடைத்தது.

இரண்டாம் டேப், இருமல்காரன். மிஸ் பெரில் கொப்பியைப் பார்த்து வாசிக்க, ராணி தன் கொப்பியில் விரல் வைத்துக்கொண்டு போனாள். தமிழில் க-வுக்கும் அதன் தடித்த சத்தத்துக்கும் ஒரே எழுத்துத்தான். அப்படியிருந்தும் பதின்மூன்று பெயரும் வரிசை தப்பாமல் வந்தன. வடக்கு நோசு.

மிஞ்சியது முதலாம் டேப். மிச்சமிருப்பது தெற்கு நிசு மட்டும்தானே, நான் மூச்சு விடலாம் என்று விட்டேன். மிஸ் பெரில் தெற்குக்காரனின் பக்கத்தைத் திருப்பினார். காலில் பெரிய காயத்தோடு வந்தவன். எட்டுப் பெயரும் பொருந்தின, ஒன்பதாவது நாதொ, அதுதான் அவன். கொப்பியில் அத்தோடு முடிந்தது.

"இன்னும் ஒண்டு கிடக்கு" என்றாள் ராணி.

"என்ன ஒண்டு?"

"நாதொவுக்குப் பிறகு தொஷி எண்டு சொல்லுறான்."

ஒன்பது பெயர் பொருந்தியது என் மூளையில் ஏறவேயில்லை. பத்தாவது பொருந்தவில்லை என்பது மட்டும் ஏறியது. "அப்ப இது அவன்ர சுருள் இல்லை! நான் எங்கயோ பிழை விட்டிட்டன். முடிச்சைக் கிடிச்சை மாத்திப் போட்டனோ..." என்று எழும்பிவிட்டேன்.

"இரு" என்றார் லெஸ்.

"தொ-வில தொடங்குது" என்றார் நீல், மெதுவாக. "நாதொ, தொஷி. அடுத்த தலைமுறை."

மிஸ் பெரில் கொப்பியில் விரலை வைத்தார். "இன்னொருக்காப் போடுங்கோ" என்றார்.

போட்டேன். நாதொ என்றதும் ஒரு சின்னச் சத்தம் வரும், பிறகு தொஷி. அந்தச் சத்தம் என் முடிச்சு ஹெட்டைத் தாண்டுகிற சத்தம் என்று நினைத்து, டேப்பில் இருந்து வெட்டி எடுத்துவிடட்டுமா என்று முந்தின நாள் லெஸ்ஸிடம் கேட்டிருந்தேன். கை வைக்காதே என்றிருந்தார். இப்போது பெரிய ஸ்பீக்கரில் கேட்கும்போது அது தெளிவாகவே சிரிப்பு. வெட்கப்படுகிற ஒரு மனிதனின் சிரிப்பு.

"இந்தக் கொப்பி அவன் வந்த அண்டைக்கு எழுதினது" என்றார் மிஸ் பெரில். "பதிஞ்சது போறதுக்கு முதல் நாள். இடையில ஒரு மாதம். அவன்ர மனிசி வயித்தோட கூட வந்தவ. பிள்ளை எங்கட வார்டிலதான் பிறந்தது, நான்தான் கையில ஏந்தினது. எப்பிடி மறந்தன்?" தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "மெஷினுக்கு முன்னால இருத்தி, உன்ர பேரைச் சொல்லு எண்டன். சொல்லி முடிச்சிட்டுச் சிரிச்சுப்போட்டு இன்னும் என்னவோ சொன்னான். எனக்கு நிசு தெரியாது. மெஷினைப் பாத்துச் சிரிக்கிறான் எண்டு நினைச்சன்."

ராணி அவர் பக்கம் குனிந்தாள்.

"மகன் எண்டு சொல்லிக் காட்டியிருக்கிறான், அன்ரி."

"ஓம் பிள்ளை" என்றார் மிஸ் பெரில், அதாவது அதற்குரிய ஆங்கிலத்தில். கைப்பையில் இருந்து பேனையை எடுத்தார். நாதொவின் பெயருக்குக் கீழே இருபத்தேழு வருடமாகக் காலியாக இருந்த இடத்தில் தொஷி என்று எழுதி, மை காயும்வரை கொப்பியை மூடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

அவரை ரயில் நிலையத்துக்கு நீல் கூட்டிப்போன பிறகு, லெஸ் என் முன்னால் நான்கு லேபலை வைத்தார். பழைய மூடிகளில் இருந்த மாதிரித் திசையும் கிளையும் எழுதத் தொடங்கி, நிறுத்தினேன். தெற்குச் சுருளுக்கு இப்படி எழுதினேன்: நாதொ, தொஷியின் தகப்பன். நிசு, தெற்கு. சானிப் பெண்ணின் பெயர் மட்டும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. அந்த லேபலில் பெயருக்கு ஓர் இடம் விட்டுவைத்தேன்.

லெஸ் நான்கையும் வாசித்தார். "டப்பாவில இல்லை. சுருளில ஒட்டு" என்றார். சோதனைக் காலம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே என் படிவத்தில் கையெழுத்து வைத்து மேசையில் போட்டுவிட்டுத் தேநீர் போடப் போனார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். மூடிகள் மாறும், ஆகவே சுருளிலேயே எழுதுங்கள். பிழை விட்டால் ஆறு நாள் வைத்திருக்காதீர்கள். உங்களுக்குக் கீழே ஒருவர் பிழை விட்டால் 'நாங்கள்' என்று தொடங்குங்கள். நான் மேலாளரான பிறகு அப்படித் தொடங்கப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனாலும் சொல்லிவிடலாம்.

பதிவுப் பெட்டிகள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. யார் என்ன மொழிப் பெட்டியைக் கொண்டுவந்தாலும் நான் முதலில் பேசியவரின் பெயரைக் கேட்பேன். மொழியின் பெயர் அதற்கடுத்த வரியில் வரும்.